நாதஸ்வரம் கேட்டால் நாய் ஊளையிடுவது ஏன்?

கிராமத்துக் கோயிலில் சாமி புறப்பாடு. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து நீளமாக ஒரு சுரம் பிடிக்கிறார். மறுகணமே தேரடியில் படுத்திருந்த நாய் எழுந்து உட்கார்ந்து, முகத்தை வானத்தை நோக்கித் தூக்கி ஊளையிடத் தொடங்குகிறது. ஒரு நாய் தொடங்கினால் போதும், பக்கத்துத் தெரு நாய்களும் சேர்ந்து கொள்ளும். சிறுவர்கள் சிரிப்பார்கள். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நல்ல காரியம் நடக்கும் நேரத்தில் இது என்ன அபசகுனம் என்று யாராவது ஒருவர் கல்லை எடுப்பார்.

அப்படிக் கல்லடி படும் நாய், இரவு முழுவதும் களத்து மேட்டில் நெல்லுக்குக் காவல் இருந்த நாயாக இருக்கலாம். ஆட்டுக்கிடையைச் சுற்றி வந்து குள்ளநரியை விரட்டிய நாயாக இருக்கலாம். ஊளையிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் கால் ஒடிக்கப்பட்ட நாய்களும், சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப்பட்ட நாய்களும் உண்டு. இன்னொரு பக்கம், உண்மையிலேயே நோய் வந்து குரல் மாறிய நாயை, வழக்கமான ஊளைதான் என்று கவனியாமல் விட்டு ஆபத்தைத் தேடிக் கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே நாய் எதற்கு ஊளையிடுகிறது, எதற்குக் குரைக்கிறது என்பதைப் பிரித்து அறிந்து கொள்வது நாய் வளர்க்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் பயன் தரும்.

நாயின் காது

ஒலி என்பது காற்றில் உண்டாகும் அதிர்வு. தவிலின் தோல் அதிர்ந்தாலும், சீவாளி அதிர்ந்தாலும் அந்த அதிர்வு காற்றின் வழியாக வந்து காதைத் தட்டுகிறது. வினாடிக்கு அதிர்வுகளின் எண்ணிக்கை கூடக் கூட ஒலி கீச்சென்று ஒலிக்கும். குறையக் குறைய ஒலி கனத்து ஒலிக்கும்.

மனிதனின் காது வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலிகளைக் கேட்கும். வயது ஏற ஏற, உச்சத்தில் உள்ள கீச்சொலிகள் கேட்பது குறைந்து விடும். நாயின் காது ஏறத்தாழ 45,000 அதிர்வு வரை கேட்கிறது. அதாவது, மனிதனால் கேட்க முடிந்த உச்ச ஒலிக்கும் மேலே, அதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் உள்ள ஒலியையும் நாய் கேட்கிறது. நெற்குதிருக்குள் எலிக்குஞ்சுகள் எழுப்பும் மெல்லிய கீச்சொலி நம் காதில் விழாது. நாயின் காதில் விழும். மாட்டின் காதும் இதில் மனிதனை மிஞ்சியதுதான். அது சுமார் 35,000 அதிர்வு வரை கேட்கும்.

கனத்த ஒலிகளில் மட்டும் மனிதனுக்கே வெற்றி. நமக்கு 20 அதிர்விலேயே ஒலி கேட்கத் தொடங்கும். நாய்க்கு அறுபதைத் தாண்டினால்தான் கேட்கும்.

நாய் தன் காது மடலை ஒலி வரும் திசைக்குத் திருப்பிக் கொள்ளவும் வல்லது. எனவேதான் வெகு தூரத்தில் வரும் வண்டிச் சத்தம் வீட்டில் உள்ளவர்களுக்குக் கேட்பதற்கு முன்பே நாய் எழுந்து நிற்கிறது.

கைத்தடியில் ஒரு ஊதல்

மனிதனுக்குக் கேட்காத ஒலி விலங்குக்குக் கேட்கும் என்பதை முதன்முதலில் சோதித்துக் காட்டியவர்களில் ஒருவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் பிரான்சிஸ் கால்டன். இவர் 1876-ம் ஆண்டு மிக நுண்ணிய ஒலி எழுப்பும் சிறு ஊதல் ஒன்றைச் செய்தார். அதை ஒரு கைத்தடியில் பொருத்தி, காற்றுச் செலுத்த ஒரு ரப்பர் பந்தையும் இணைத்துக் கொண்டார். விலங்குக் காட்சிசாலைக்குப் போய் ஒவ்வொரு விலங்கின் அருகிலும் தடியை நீட்டிப் பந்தை அமுக்குவார். மனிதர்களுக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் சில விலங்குகள் காதை விறைத்துத் திரும்பிப் பார்த்தன. பூனைகள் இதில் மிகவும் கெட்டிக்காரத்தனமாக இருந்தன. இன்று நாய் பழக்குபவர்கள் பயன்படுத்தும் "ஓசையற்ற ஊதல்" இந்தக் கால்டன் ஊதலின் வழி வந்ததே.

சிறிய நாய்களுக்குத்தான் இந்த ஒலி கேட்கிறது, பெரிய நாய்களுக்குக் கேட்பதில்லை என்று கால்டன் எழுதி வைத்தார். அது சரியல்ல என்று பின்னால் தெரிந்தது. அமெரிக்காவில் 1983-ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் பெரிய நாய்களையும் சிறிய நாய்களையும் வைத்துச் சோதித்தபோது, கீச்சொலியைக் கேட்கும் திறனுக்கும் நாயின் உருவத்துக்கும் தொடர்பில்லை என்று காணப்பட்டது.

காது வலியால் கத்துகிறதா?

நாயின் காது இவ்வளவு கூர்மையானது என்றால், நாதஸ்வர ஒலி தாங்காமல் வலியால்தான் அது கத்துகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை என்பதை நாயின் நடத்தையே காட்டும்.

வலி கண்ட நாய் அந்த இடத்தில் நிற்காது. வாலைக் கால்களுக்கு இடையே இடுக்கிக் கொண்டு, காதைப் பின்னால் மடக்கி, கட்டிலுக்கு அடியிலோ வைக்கோல் போருக்குப் பின்னாலோ ஓடி ஒளியும். ஆனால் சுரம் கேட்டு ஊளையிடும் நாய் ஓடுவதில்லை. ஓடிப் போக வழி இருந்தும் அங்கேயே உட்கார்ந்து கொள்கிறது. சில நாய்கள் ஒலி வரும் இடத்தை நோக்கி இன்னும் நெருங்கி வருவதும் உண்டு. வாசிப்பு நின்றதும் ஊளையும் நின்று விடுகிறது. பிறகு ஒன்றும் நடவாதது போல வாலை ஆட்டிக் கொண்டு போய்ப் படுத்துக் கொள்கிறது. அப்படியானால் அதன் ஊளைக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

ஊளை ஓர் அழைப்பு

நாய்கள் ஓநாய் வழி வந்தவை. ஓநாய்கள் கூட்டமாக வாழ்கிறவை. வேட்டைக்குப் போய்ப் பிரிந்த கூட்டம் மறுபடியும் ஒன்று சேரவும், இது எங்கள் எல்லை, உள்ளே வராதே என்று அடுத்த கூட்டத்துக்கு அறிவிக்கவும் அவை ஊளையிடுகின்றன. குரைப்பு அருகில் உள்ளவர்களுக்கு. ஊளை தூரத்தில் உள்ளவர்களுக்கு. நீளமாக, விட்டு விடாமல், ஏறி இறங்கும் ஒலி காட்டையும் மேட்டையும் தாண்டிப் பல கிலோமீட்டர் போய்ச் சேரும்.

ஓர் ஓநாய் ஊளையிட்டால் மற்றவை பதில் கொடுக்கும். அப்படிப் பதில் கொடுக்கும்போது எல்லாம் ஒரே சுரத்தில் கத்துவதில்லை. ஒன்று உயர்த்திப் பிடித்தால் மற்றொன்று தாழ்த்திப் பிடிக்கும். அதனால் மூன்று நான்கு ஓநாய்கள் ஊளையிட்டாலும் தூரத்தில் கேட்பவருக்குப் பெரும் கூட்டம் போலத் தோன்றும். மாலை மயங்கும் நேரத்தில் குள்ளநரிகள் ஊளையிடக் கேட்ட கிடைக்காரர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு நரி கத்தினால் இருபது நரி வந்தது போல இருக்கும்.

மனிதன் ஊளையிட்டுக் காட்டினாலும் ஓநாய் பதில் கொடுக்கிறது. கனடா நாட்டில் ஆல்கான்குயின் என்ற வனப் பூங்காவில், 1963-ம் ஆண்டு தொடங்கிப் பொதுமக்களை இரவில் அழைத்துச் சென்று ஓநாய் ஊளை கேட்கச் செய்கிறார்கள். பூங்கா ஊழியர்கள் வாயைக் குவித்து ஊளையிடுவார்கள். ஓநாய்கள் அருகில் இருந்தால் இருட்டிலிருந்து பதில் வரும். காட்டில் ஓநாய்கள் எங்கே இருக்கின்றன என்று அறியவும் ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையைக் கையாள்கிறார்கள்.

ஓநாயே மனிதக் குரலில் ஏமாறும்போது, நாய் நாதஸ்வரத்தில் ஏமாறுவதில் வியப்பில்லை. ஓநாய் ஊளையின் அடிப்படை ஒலி வினாடிக்கு 150 முதல் 780 அதிர்வுக்குள் அமைகிறது என்று அளந்து கண்டிருக்கிறார்கள். சங்கின் ஓசையும், நாதஸ்வரத்தில் நீட்டிப் பிடிக்கும் பல சுரங்களும் ஏறத்தாழ இந்த எல்லைக்குள் அடங்கியவை. மூச்சு நீண்டு, விட்டு விடாமல், மெல்ல ஏறி இறங்குவதும் இரண்டுக்கும் பொது. நாயின் காதுக்கு அது எங்கோ இருந்து வரும் ஓர் அழைப்பாகப் படுகிறது. அழைத்தவருக்குப் பதில் கொடுக்க வேண்டும் என்ற பரம்பரைப் பழக்கம் உள்ளே இருந்து எழுகிறது. மேளக்காரர்களின் பாஷையில் சொன்னால், நாய் அந்த நேரத்தில் ஒத்து ஊதுகிறது.

நாதஸ்வரம், சங்கு, கொம்பு, ஆர்மோனியம், மாதா கோயிலின் நீண்ட மணியோசை, ஆலைச் சங்கு, 108 வண்டியின் அபாய ஒலி ஆகிய இவற்றுக்கெல்லாம் நாய்கள் ஊளையிடுவதற்குக் காரணம் இதுவே. வாய்ப்பாட்டில் சுரத்தை நீட்டிப் பிடித்தாலும் சில நாய்கள் சேர்ந்து கொள்ளும்.

எல்லா நாயும் ஊளையிடுவதில்லையே

ஒரே தெருவில் ஒரு நாய் ஊளையிடும், மற்றொன்று குரைக்கும், இன்னொன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தூங்கி விடும். இதற்கும் விளக்கம் உண்டு. ஹங்கேரி நாட்டில் புடாபெஸ்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் 68 வீட்டு நாய்களுக்கு ஓநாய் ஊளையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். 2023-ல் வெளியான அந்த ஆய்வின்படி, ஓநாய்க்கு நெருங்கிய பழைய இனங்களைச் சேர்ந்த நாய்கள் நீளமாக ஊளையிட்டுப் பதில் கொடுத்தன. அண்மைக் காலத்தில் உருவாக்கப்பட்ட இனங்கள் ஊளையிடுவதை விடக் குரைப்பதிலேயே நாட்டம் காட்டின.

சூழ்நிலையும் ஒரு காரணம். ஆளில்லாத தோட்டத்தில் தனியே கட்டிக் கிடக்கும் நாய், துணை தேடி அதிகம் ஊளையிடும். மழைக்காலத்தை ஒட்டிய இனச்சேர்க்கைப் பருவத்தில் ஆண் நாய்கள் இரவில் ஊளையிடுவதும் அதிகம்.

பறைக்கும் தவிலுக்கும் குரைப்பது ஏன்?

பறை, தவில், உருமி, பாண்டு மேளம் ஆகியவற்றுக்கு நாய்கள் பொதுவாக ஊளையிடுவதில்லை. குரைக்கும், அல்லது ஓடும். காரணம் ஒலியின் தன்மை வேறு. தோல் கருவியின் ஒலி திடீரென வெடித்து எழுந்து உடனே அடங்கி, மறுபடியும் வெடிக்கிறது. அதில் அழைப்பு இல்லை. அதிர்ச்சி மட்டும் உண்டு. வெடிச் சத்தத்துக்கும் இது பொருந்தும்.

இத்துடன், மேளம் வரும்போது கூடவே அறிமுகமில்லாத கூட்டமும், விளக்கும், ஆட்டமும் வருகின்றன. தன் எல்லைக்குள் அந்நியர் நுழைகிறார்கள் என்று நாய் குரைக்கிறது. கூட்டம் ஊர்வலமாகக் கடந்து போய்விடும். ஆனால் நாயோ, தான் குரைத்ததால்தான் அவர்கள் போய்விட்டார்கள் என்று எண்ணிக் கொள்கிறது. அடுத்த முறை இன்னும் பலமாகக் குரைக்கும்.

மேள ஒலி எல்லாமே நாய்க்கு ஆகாது என்பதும் இல்லை. வட அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் அநாதை நாய்கள் காப்பகம் ஒன்றில் 50 நாய்களை வைத்து ஆராய்ந்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். மென்மையான செவ்வியல் இசையைப் போட்டபோது நாய்கள் அதிக நேரம் படுத்து ஓய்வெடுத்தன. இரைச்சல் மிகுந்த மேற்கத்திய இசையைப் போட்டபோது குரைப்பு அதிகமாயிற்று.

சாவும் ஊளையும்

நாய் ஊளையிட்டால் ஊரில் சாவு விழும் என்ற நம்பிக்கை வேரூன்றி இருக்கிறது. இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் சாவு வீட்டில் சங்கு ஊதுவதும் சேகண்டி அடிப்பதும் வழக்கம். ஒப்பாரியின் நீண்ட குரலும் எழுகிறது. இவை மூன்றும் நாயை ஊளையிடத் தூண்டும் ஒலிகள். இழவு விழுந்த இரவில் ஊர் நாய்கள் ஊளையிடுவதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள், ஊளையையும் சாவையும் சேர்த்தே நினைவில் வைத்திருப்பார்கள். பக்கத்து ஊர்ச் சங்கு மனிதர் காதுக்கு எட்டாமல் நாயின் காதுக்கு மட்டும் எட்டியிருந்தால், செய்தி வருவதற்கு முன்பே நாய் சாவை அறிந்தது போலவும் தோன்றியிருக்கும். சாவு வந்தது, சங்கு ஊதினார்கள், நாய் பதில் கொடுத்தது. அந்த ஊளைக்காக நாயை அடிப்பதில் நியாயமில்லை.

எப்போது கவனிக்க வேண்டும்?

ஊளைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், கீழ்க்கண்ட மாற்றங்களைக் கண்டால் அலட்சியம் கூடாது.

காது நோய்: வழக்கமாகச் சத்தத்தைப் பொருட்படுத்தாத நாய் திடீரென ஒலி கேட்டுத் துடித்தால் காதைப் பார்க்க வேண்டும். தலையை ஓயாமல் உதறுதல், காதைச் சொறிதல், தலையை ஒரு பக்கம் சாய்த்தல், காதில் கெட்ட வாடை, கறுத்த அழுக்கு அல்லது சீழ் ஆகியவை காதுப்புண், உண்ணி, சிற்றுண்ணி போன்றவற்றின் அறிகுறிகள். காதுக்குள் எண்ணெயோ சாறோ ஊற்றாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செவிட்டுத்தன்மை: எந்த ஒலிக்குமே அசையாத குட்டி செவிடாக இருக்கலாம். இராஜபாளையம் போன்ற வெள்ளை நிற இனங்களில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. காவலுக்குக் குட்டி வாங்குபவர்கள், குட்டி பார்க்காத பக்கத்தில் நின்று கை தட்டி, அது திரும்புகிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

வெறிநோய்: இதுவே மிகவும் முக்கியமானது. வெறிநோய் கண்ட நாயின் தொண்டைத் தசைகள் செயலிழப்பதால் குரல் கரகரத்து மாறி விடும். எந்த ஒலியும் இல்லாதபோதே அடித்தொண்டையில் இழுத்து இழுத்துக் கத்தும். காரணமின்றிக் கடிக்க வருதல், இருட்டில் போய் ஒதுங்குதல், தாடை தொங்குதல், எச்சில் வடிதல், விழுங்க முடியாமை, பின்னங்கால் தள்ளாடுதல் ஆகியவை மற்ற அறிகுறிகள். இசைக்குப் பதில் கொடுக்கும் நாய் இசை நின்றதும் பழைய நிலைக்கு வந்து விடும், சோறும் தண்ணீரும் வழக்கம் போல் எடுக்கும். வெறிநோய் கண்ட நாய் அப்படி இராது.

தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி இத்தகைய நாயின் வாய்க்குள் கையை விடவே கூடாது. வெறிநாய் கடித்த மாடும் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ பிறகு கரகரத்த குரலில் ஓயாமல் கத்தி, எச்சில் வடிக்கலாம். அதன் வாயிலும் கையை விடக் கூடாது. உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நாய் கடித்து விட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, பச்சிலை எதையும் வைக்கக் கூடாது. தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக் கொள்ள வேண்டும். நாய்க்கு என்ன ஆகிறது பார்க்கலாம் என்று காத்திருத்தல் ஆபத்து. வெறிநோய் வெளிப்பட்ட பிறகு உயிர் பிழைப்பது மிக மிக அரிது. வளர்ப்பு நாய்க்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் சொல்லும் முறைப்படி ஆண்டுதோறும் தொடர்ந்து போட்டு வந்தால் இந்தப் பயமே வேண்டியதில்லை.

திருவிழாக் காலத்தில் செய்ய வேண்டியவை

1. ஊளையிடும் நாயை அடிக்கக் கூடாது. அடிபட்ட நாய், மேளச் சத்தம் வந்தால் அடி விழும் என்று கற்றுக் கொள்ளும். அடுத்த திருவிழாவில் மேளம் கேட்டதும் அஞ்சி, அருகில் வரும் குழந்தையைக் கடிக்கவும் கூடும்.

2. ஊர்வலம் வருவதற்கு முன்பே நாயைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்தி, வீட்டின் பின்கட்டிலோ கொட்டகையிலோ கட்டி, தண்ணீர் வைக்க வேண்டும். தெரு ஓரத்தில் குட்டையான சங்கிலியில் கட்டி வைத்தால், தப்ப வழியின்றி மூர்க்கம் கொள்ளும்.

3. வெடி போடும் நாளில் அவிழ்த்து விடக் கூடாது. மிரண்டு ஓடும் நாய் வழி தவறிப் போகும். தரைமட்டக் கிணற்றில் விழுவதும், வண்டியில் அடிபடுவதும் இப்படித்தான்.

4. குழல் வடிவ ஒலிபெருக்கியை மாட்டுக் கொட்டகை, ஆட்டுப்பட்டி ஆகியவற்றின் பக்கம் திருப்பிக் கட்ட விடக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதிக்கும் ஒலி மாசு விதிகள் 2000-ம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளன.

5. நாய்க் குட்டிகளை மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை உள்ள வயதில் பல ஒலிகளுக்கும் பழக்க வேண்டும். முதலில் மேள ஒலியைத் தூரத்தில், மெதுவாகக் கேட்கச் செய்து, அப்போது ஒரு கவளம் சோறு கொடுக்கலாம். நாளுக்கு நாள் சற்று அருகில் கொண்டு வரலாம். பயந்தால் மறுபடியும் தூரத்துக்குப் போக வேண்டும். இப்படிப் பழகிய குட்டி வளர்ந்த பிறகு திருவிழாக் கூட்டத்தில் மிரளாது.

6. சிறுவர்கள் நாயின் காதருகே பீப்பி, விசில் ஊதி விளையாடுவதைத் தடுக்க வேண்டும். காதருகே எழும் பேரொலி நாய்க்கு உண்மையிலேயே வலி தரும்.

ஆக, நாதஸ்வரம் கேட்டு ஊளையிடும் நாய், காது நன்றாகக் கேட்கும் நாய். இரவில் தோட்டத்து வேலியில் யாரோ கை வைக்கும் சிறு சத்தத்தையும் அதே காதுதான் கேட்டு எழுப்பி விடுகிறது. கல்லைக் கீழே போட்டுவிட்டு, இந்த ஆண்டு தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்ப்பதே நாய்க்கும் நல்லது, வளர்ப்பவருக்கும் நல்லது. தடுப்பூசி பற்றிய விவரங்களுக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனை அல்லது கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.